டிரை-வேலி வழக்கு: ஐ-20 கையில் இருந்தும் ஸ்டேட்டஸ் இழந்த மாணவர்கள்

2011 ஜனவரி 19 அன்று, கலிஃபோர்னியாவின் பிளசன்டன் நகரில் இயங்கிவந்த டிரை-வேலி பல்கலைக்கழகத்தை அமெரிக்கக் குடிவரவு மற்றும் சுங்க அமலாக்கத் துறையினர் சோதனையிட்டார்கள். அத்துடன் அந்த நிறுவனம் முடங்கியது. வெளிநாட்டு மாணவர்களின் பதிவுகளைப் பராமரிக்கும் செவிஸ் கணினி அமைப்பில் அதற்கு இருந்த அனுமதி துண்டிக்கப்பட்டது. அதன் பெயரில் பதிவாகியிருந்த மாணவர்களின் பதிவுகளும் முடித்துவைக்கப்பட்டன. அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர்கள். கட்டணம் கட்டியிருந்தார்கள், கல்வி நிறுவனம் தரும் சேர்க்கைச் சான்றான ஐ-20 படிவம் வைத்திருந்தார்கள், பாஸ்போர்ட்டில் மாணவருக்கான எஃப்-1 விசா இருந்தது, பலரிடம் வேலை செய்வதற்கான அனுமதிக் குறிப்பும் இருந்தது. இத்தனை காகிதங்கள் இருந்தும், அரசின் பார்வையில் அவர்கள் சட்டப்படியான மாணவர்களாக இல்லை.

2011இல் தொடங்கிய இந்த வழக்கை இன்றும் எடுத்துப் படிக்க வேண்டிய காரணம் எளிமையானது. அன்று அந்த மாணவர்களை வீழ்த்திய விதிகள் ஏறத்தாழ அப்படியே இன்றும் நடைமுறையில் உள்ளன. பள்ளிக்கு அரசின் அனுமதி இருக்கிறது, பள்ளி கொடுத்த காகிதம் நம்மிடம் இருக்கிறது, ஆகவே நமக்கு ஆபத்து இல்லை என்ற நம்பிக்கையும் அப்படியே இருக்கிறது. அந்த நம்பிக்கை எந்த இடத்தில் தவறாகிறது என்பதை இந்த வழக்கைப் போலத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு வேறு இல்லை என்பது என் கருத்து.

விசாவும் ஸ்டேட்டஸும்

விசா என்பது நாட்டின் வாசலுக்கு வந்து நுழைவு கேட்பதற்கான அனுமதி. அதைத் தருவது தூதரகம். உள்ளே வந்த பிறகு விசாவின் தேதி முடிந்துபோனாலும் படிப்பைத் தொடரத் தடை இல்லை; வெளிநாடு சென்று திரும்பும்போதுதான் புதிய விசா தேவைப்படும். ஸ்டேட்டஸ், அதாவது நாட்டில் சட்டப்படி தங்கும் நிலை, அப்படிப்பட்டதன்று. விமான நிலையத்தில் அதிகாரி உள்ளே அனுமதிக்கும் நேரத்தில் தொடங்கி, நாட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் மாணவரின் நடத்தையைப் பொறுத்து நிலைப்பதோ முடிவதோ அது. 2011இல் அந்த அனுமதியின் அடையாளமாக ஐ-94 என்ற சிறிய வெள்ளை அட்டையைப் பாஸ்போர்ட்டுடன் இணைத்துத் தருவார்கள். சுற்றுலாப் பயணியின் அட்டையில் நாட்டைவிட்டு வெளியேற வேண்டிய தேதி இருக்கும். மாணவரின் அட்டையில் அதே இடத்தில் 'டி/எஸ்' என்று மட்டும் எழுதியிருக்கும். மாணவருக்கு உரிய நிபந்தனைகளைக் கடைப்பிடிக்கும் காலம் வரை தங்கலாம் என்பது அதன் பொருள்.

இந்த ஏற்பாட்டில் மாணவருக்குப் பெரிய வசதி உண்டு. படிப்பு நீண்டால், ஐ-20இல் உள்ள முடிவுத் தேதிக்கு முன்பாகவே கல்லூரியின் டி.எஸ்.ஓ. எனப்படும் வெளிநாட்டு மாணவர் அலுவலரிடம் கேட்டு நீட்டித்துக்கொண்டால் போதும், குடிவரவுத் துறைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் அதே ஏற்பாட்டில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. தேதி இல்லாததால் ஸ்டேட்டஸ் முடிந்த நாளை யாரும் அறிவிப்பதில்லை. நிபந்தனை மீறப்பட்ட நாளிலேயே அது போய்விடலாம். மாணவர் அதை அறியாமல் அடுத்த செமஸ்டருக்கான கட்டணத்தைக் கட்டிக்கொண்டிருக்கலாம். டிரை-வேலியில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு நடந்தது ஏறக்குறைய இதுதான்.

பள்ளி வளர்ந்த விதம்

டிரை-வேலிக்கு 2009 பிப்ரவரியில், வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதற்கான அனுமதி கிடைத்தது. முறையான கல்வித் தர அங்கீகாரம் பெறாத ஒரு பள்ளி இந்த அனுமதியைப் பெற வேண்டுமானால், அங்கீகாரம் பெற்ற குறைந்தது மூன்று நிறுவனங்கள் அதன் கிரெடிட்டுகளை, அதாவது பாடங்களுக்கான மதிப்பலகுகளை, நிபந்தனையின்றி ஏற்கின்றன என்று சான்று காட்ட வேண்டும். அந்தச் சான்றுகளே பொய்யானவை என்பது பின்னாளில் அரசுத் தரப்பு வைத்த குற்றச்சாட்டு. 2009 மே மாதத்தில் 11 மாணவர்கள் இருந்த இடத்தில், ஓராண்டு கழித்து 939 பேர் பதிவாகியிருந்தார்கள். சோதனை நடந்தபோது எண்ணிக்கை 1,500ஐத் தாண்டியிருந்தது.

இந்த வளர்ச்சிக்கு விளம்பரம் காரணமில்லை; மாணவர்களே காரணம். புதியவரை அழைத்துவந்து சேர்ப்பவருக்கு அவரது கட்டணத்தில் ஒரு பங்கு தரும் முறையைப் பள்ளி வைத்திருந்தது. ஆகவே செய்தி நண்பர்கள் வழியாகவும் அறைத்தோழர்கள் வழியாகவும் பரவியது. பிளசன்டனுக்கு வர வேண்டியதில்லை, வகுப்புகள் இணையத்தில் நடக்கும், சேர்ந்த முதல் நாளிலிருந்தே வேலை செய்ய அனுமதி கிடைக்கும், கட்டணமும் மற்ற இடங்களைவிடக் குறைவு என்பதே அந்தச் செய்தி. வேறு பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்பு முடித்து வேலை கிடைக்காமல் தவித்தவர்களுக்கும், முதல் கல்லூரியின் கட்டணத்தைக் கட்ட முடியாமல் திணறியவர்களுக்கும் அது பெரிய ஆறுதலாக ஒலித்திருக்கும். கடன் வாங்கி வந்த மாணவர் ஒருவர் அந்த வார்த்தைகளை எப்படிக் கேட்டிருப்பார் என்பதை மறந்துவிட்டு இந்த வழக்கைத் தீர்ப்பிடுவது நியாயமாகாது.

புலனாய்வாளர்களின் கண்ணில் உறுத்திய செய்தி செவிஸ் பதிவிலேயே இருந்தது. மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் வசிப்பிடம், சன்னிவேல் நகரில் எல் கமினோ ரியால் சாலையில் உள்ள ஒரே குடியிருப்பின் ஒரே வீடு என்று பதிவாகியிருந்தது. உண்மையில் அவர்கள் மேரிலாந்து, வர்ஜீனியா, பென்சில்வேனியா, டெக்சஸ் என்று நாடெங்கும் சிதறி வாழ்ந்தார்கள். பள்ளியின் நிறுவனர் சூசன் சியாவ்-பிங் சூ 2011 மே மாதத்தில் கைது செய்யப்பட்டார். மூன்று வார விசாரணைக்குப் பின், 2014 மார்ச்சில் விசா மோசடி, தபால் மற்றும் மின்வழி மோசடி, பணச்சலவை, அரசுக் கணினியை முறைகேடாகப் பயன்படுத்தியது உள்ளிட்ட 31 குற்றச்சாட்டுகளில் அவர் குற்றவாளி என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று அவருக்கு 198 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

நிறுவனரின் குற்றம் இவ்வாறு நீதிமன்றத்தில் நிறுவப்பட்டது. மாணவர்களின் நிலைமை அத்தனை நேரானது அன்று. அவர்கள் ஏமாற்றப்பட்டவர்களா, உடந்தையானவர்களா என்ற கேள்விக்கு ஒரே விடையை எல்லோருக்கும் பொருத்த இயலாது. ஆனால் குடிவரவுச் சட்டம் முதலில் கேட்பது அந்தக் கேள்வியை அன்று; விதிப்படி இருந்தாரா இல்லையா என்பதைத்தான்.

எந்த விதியில் எது உடைந்தது

எஃப்-1 மாணவரின் முதற்கடமை முழு அளவிலான படிப்பு. இளநிலை மாணவருக்கு ஒரு செமஸ்டரில் குறைந்தது 12 கிரெடிட். முதுநிலையில் எவ்வளவு என்பதைப் பல்கலைக்கழகமே நிர்ணயிக்கும், பல இடங்களில் அது 9. இந்தக் கணக்கில் இணையவழி வகுப்பு ஒன்றை மட்டுமே, அதாவது மூன்று கிரெடிட் வரை மட்டுமே, சேர்த்துக்கொள்ளலாம். மாணவரை நேரில் வரச் சொல்லாத வகுப்பு எத்தனை உயர்ந்த தரத்தில் இருந்தாலும் அந்த ஒன்றுக்கு மேல் கணக்கில் வராது. டெக்சஸில் இருந்துகொண்டு கலிஃபோர்னியாப் பள்ளியின் எல்லா வகுப்புகளையும் கணினியில் கேட்ட மாணவர், ஒரு நாள்கூடத் தவறாமல் பாடம் கேட்டிருந்தாலும் முழு அளவில் படித்தவராகக் கருதப்பட மாட்டார். இந்த விதி இரகசியமானதன்று. கூட்டாட்சி ஒழுங்குமுறைத் தொகுப்பில் எவரும் படிக்கக்கூடிய இடத்தில், நேரடியான சொற்களில் உள்ளது. ஆனாலும் டிரை-வேலி மாணவர்களில் எத்தனை பேரிடம் அதை யார் எடுத்துச் சொன்னார்கள்? சொல்ல வேண்டிய கடமை பள்ளியின் டி.எஸ்.ஓ.வுக்கு, அந்தப் பொறுப்பே மோசடிக்காரரின் கையில் இருந்தது.

இரண்டாவது, முகவரி. வீடு மாறிய பத்து நாட்களுக்குள் புதிய முகவரியை மாணவர் தெரிவிக்க வேண்டும், பள்ளி அதைச் செவிஸில் பதிய வேண்டும். பெரும்பாலான மாணவர்கள் இதைச் சில்லறை வேலையாக நினைக்கிறார்கள். டிரை-வேலியில் முழு விவகாரத்தையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததில் இந்தச் சில்லறை வேலைக்குப் பெரும்பங்கு உண்டு. ஒரு வீட்டில் சில நூறு பேர் வசிப்பதாகச் சொல்லும் பதிவைப் பார்த்த எந்த அதிகாரியும் அடுத்த கேள்வியைக் கேட்காமல் இருக்க மாட்டார். தன் பெயர் எந்த முகவரியில் பதிவாகியிருக்கிறது என்று பள்ளியிடம் ஒரு முறை கேட்ட மாணவருக்கும், தான் வாழாத ஊரில் தான் வாழ்வதாகப் பதிவு இருப்பது தெரியவந்திருக்கும்.

மூன்றாவதுதான் மிகவும் சிக்கலானது: வேலை. எஃப்-1 மாணவர் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். விடுமுறையில் முழுநேரமும் செய்யலாம். வளாகத்துக்கு வெளியே வேலை என்றால் முன்னதாகவே அனுமதி வேண்டும். அதில் ஒரு வகை, பாடத்திட்டத்தோடு இணைந்த பயிற்சி வேலை, எல்லோரும் சி.பி.டி. என்றே சொல்கிறார்கள். பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு படித்த பிறகே அதைப் பெற முடியும். முதுநிலைப் படிப்பின் தன்மையே உடனடிப் பயிற்சியைக் கோருமானால் மட்டும் அந்த ஓராண்டு காத்திருப்பு தேவையில்லை. இந்த விதிவிலக்கு நேர்மையான காரணத்துக்காக வைக்கப்பட்டது; சமூகப்பணி போன்ற துறைகளில் முதல் செமஸ்டரிலேயே களப்பயிற்சி பாடத்தின் பகுதியாக இருக்கும். அதே விதிவிலக்கைத்தான் 'முதல் நாள் சி.பி.டி.' என்று சில பள்ளிகள் விற்பனைப் பொருளாக மாற்றின.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். சி.பி.டி.யை அனுமதிப்பவர் குடிவரவுத் துறை அதிகாரி அல்லர், பள்ளியின் டி.எஸ்.ஓ. அவர் செவிஸில் பதிந்து, அந்த விவரம் அச்சான ஐ-20ஐத் தந்தால் மாணவர் வேலையில் சேரலாம். ஆகவே காகிதம் சட்டப்படியானதாகவே தோற்றமளிக்கும். வேலைக்கு எடுக்கும் நிறுவனமும் அதை ஏற்றுக்கொள்ளும். மாதச் சம்பளத்தில் வரியும் பிடிக்கப்படும். ஆனால் அந்த வேலை உண்மையான ஒரு பாடத்திட்டத்தின் பிரிக்க முடியாத பகுதியாக இருந்ததா என்ற கேள்வியை அதிகாரி எந்த நாளிலும் எழுப்பலாம். பாடத்திட்டமே இல்லாத பள்ளி தந்த சி.பி.டி.க்கு அடிப்படையே இல்லை. இதன் விளைவு, அனுமதியோடு வேலை செய்ததாக நம்பிய மாணவர் அனுமதியின்றி வேலை செய்தவராகிவிடுகிறார். குடிவரவு விதிகளில் அனுமதியற்ற வேலையைவிடக் கடினமாக நடத்தப்படும் மீறல்கள் குறைவு. அது ஏன் இத்தனை முக்கியம் என்பது கீழே வரும்.

சரியான பள்ளியில் சரியான காரணத்துக்காகப் பெறும் சி.பி.டி.க்கும் ஒரு வரம்பு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். முழுநேர சி.பி.டி.யை ஓராண்டு அல்லது அதற்கு மேல் பயன்படுத்தியவர் அந்தப் படிப்பு நிலைக்கான ஓ.பி.டி., அதாவது படிப்புக்குப் பிந்தைய 12 மாதப் பயிற்சி வேலை, கேட்கும் தகுதியை இழக்கிறார்.

மாணவரின் கையெழுத்து

டிரை-வேலி மாணவர்களை முழுக் குற்றவாளிகளாக்கியவர்களும் உண்டு, முழு அப்பாவிகளாக்கியவர்களும் உண்டு. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. அரசு அனுமதித்த பள்ளிகளின் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது. தூதரகமே அந்த ஐ-20ஐப் பார்த்து விசா தந்திருக்கிறது. விமான நிலைய அதிகாரி அதைப் பார்த்து உள்ளே விட்டிருக்கிறார். இத்தனை அரசு வாசல்களைக் கடந்த ஒரு காகிதத்தை இருபத்து மூன்று வயது மாணவர் சந்தேகித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகம். காலில் மின்னணுக் கண்காணிப்புக் கருவி பூட்டப்பட்ட சில மாணவர்களின் படங்கள் வெளியானபோது இந்தியாவில் எழுந்த கோபமும், இந்திய அரசு அதை ஏற்க முடியாது என்று கண்டித்ததும் நியாயமானவையே.

அதேவேளையில், ஐ-20 படிவத்தில் மாணவர் கையெழுத்திடும் இடத்துக்கு மேலே உள்ள வாசகத்தை ஒரு முறை நிதானமாகப் படிக்க வேண்டும். பெயர் குறிப்பிடப்பட்ட அந்தப் பள்ளியில் முழு அளவிலான படிப்பைத் தொடர்வதற்காக மட்டுமே தற்காலிகமாக இந்த நாட்டில் நுழையவோ தங்கவோ விரும்புவதாக மாணவர் அங்கே உறுதி கூறுகிறார். தன் மாணவர் நிலையைத் தீர்மானிக்கத் தேவையான விவரங்களை அரசுக்குத் தரும் உரிமையையும் அதே கையெழுத்தின் மூலம் பள்ளிக்கு வழங்குகிறார். பள்ளியின் அனுமதி என்பது பள்ளிக்கும் அரசுக்கும் இடையிலான ஏற்பாடு. மாணவரின் ஸ்டேட்டஸ் இந்தக் கையெழுத்தைச் சார்ந்தது. வகுப்பறை எங்கே இருக்கிறது என்று தெரியாமல், பேராசிரியர் ஒருவரையும் பார்க்காமல், ஒரு செமஸ்டரைக் கடந்த எவருக்கும் அந்த வாசகம் போதுமான எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

சோதனைக்குப் பிறகு

பள்ளி மூடப்பட்ட பிறகு மாணவர்களுக்கு மூன்று வழிகள் இருந்தன: வேறு கல்லூரிக்குச் சென்று ஸ்டேட்டஸை மீட்டுத் தரக் கேட்பது, நாட்டைவிட்டு வெளியேறுவது, அல்லது குடிவரவு நீதிமன்றத்தில் வெளியேற்ற நடவடிக்கையை எதிர்கொள்வது. ஸ்டேட்டஸில் இருப்பவர் மட்டுமே சாதாரண முறையில் கல்லூரி மாற முடியும். பதிவு முடித்துவைக்கப்பட்டவருக்கு அந்த எளிய கதவு மூடியே இருந்தது. எனவே ரீஇன்ஸ்டேட்மென்ட் எனப்படும் மீட்பு விண்ணப்பமே பலருக்கும் ஒரே நம்பிக்கையாயிற்று. பலருக்கு வேறு கல்லூரியில் தொடர வழி கிடைத்தது. மற்றவர்கள் மறுக்கப்பட்டு ஊர் திரும்பினார்கள்.

யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதை விதி விரிவாகச் சொல்கிறது. விண்ணப்பிக்கும்போது ஸ்டேட்டஸ் இழந்து ஐந்து மாதங்களுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஆகியிருந்தால் விதிவிலக்கான சூழ்நிலை இருந்ததையும், அதன்பின் இயன்ற விரைவில் விண்ணப்பித்ததையும் காட்ட வேண்டும். திரும்பத் திரும்பவோ வேண்டுமென்றோ விதி மீறிய வரலாறு இருக்கக் கூடாது. முழு அளவில் படித்துக்கொண்டிருக்க வேண்டும், அல்லது உடனே படிக்கத் தொடங்கும் எண்ணம் வேண்டும். அனுமதியின்றி வேலை செய்திருக்கக் கூடாது. இவற்றோடு, ஸ்டேட்டஸ் போனது தன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் என்று நிரூபிக்க வேண்டும்; அல்லது டி.எஸ்.ஓ. அனுமதித்திருக்கக்கூடிய பாடக்குறைப்பைக் கேட்கத் தவறியதால்தான் மீறல் நேர்ந்தது என்றும், மீட்பு மறுக்கப்பட்டால் கடும் இன்னல் ஏற்படும் என்றும் காட்ட வேண்டும். கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணங்களுக்கு எடுத்துக்காட்டாகக் கடும் நோய், இயற்கைப் பேரிடர், டி.எஸ்.ஓ.வின் கவனக்குறைவு ஆகியவற்றோடு கல்வி நிறுவனம் மூடப்படுவதையும் விதியே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் டிரை-வேலி மாணவர்களுக்கு இந்தக் கடைசிக் காரணம் அளந்து தைத்ததைப் போலப் பொருந்துகிறது. ஆனால் அதிகாரியின் கேள்வி பள்ளி மூடிய நாளோடு நிற்பதில்லை; அதற்கு முன்பு நீங்கள் ஸ்டேட்டஸில் இருந்தீர்களா என்று பின்னோக்கிச் செல்கிறது. நேரடி வகுப்புகளுக்குச் சென்றதற்கான சான்று எங்கே, வேறு மாநிலத்தில் முழுநேர வேலை செய்தபடி எப்படி வகுப்புக்குப் போனீர்கள் என்று கேட்டால், பள்ளி மூடப்பட்டது என்ற பதில் போதாது. மூடப்படுவதற்கு முன்பே மீறல் நடந்திருந்தால் மூடல் அதற்குக் காரணமாகாது. இங்கேதான் சி.பி.டி. திரும்ப வருகிறது: அந்த வேலை அனுமதியற்றது என்று முடிவானால், மற்ற எல்லா நிபந்தனைகளும் நிறைவேறியிருந்தாலும் விண்ணப்பம் நிற்காது. நோய்க்கும் பேரிடருக்கும் இடம் தரும் இந்த விதி, அனுமதியற்ற வேலைக்கு மட்டும் இடம் தரவில்லை.

நடைமுறையில் இந்த விண்ணப்பம் ஐ-539 என்ற படிவத்தில், புதிய கல்லூரியின் டி.எஸ்.ஓ. மீட்புக்குப் பரிந்துரைத்து வழங்கும் ஐ-20உடன் செல்கிறது. முடிவு வரும்வரை முழு அளவில் படிக்கலாம், ஆனால் வளாகத்துக்குள்ளேயும் வேலை செய்ய முடியாது. இடையில் நாட்டைவிட்டுப் போனால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிறது. மறுக்கப்பட்டால் மேல்முறையீடு கிடையாது. இத்தனை கடுமையைத் தாங்கிக்கொண்டு காத்திருப்பதைவிட, வெளியேறி, புதிய செவிஸ் எண் கொண்ட ஐ-20உடன் புதிதாக நுழைவதே சிலருக்கு நல்லது. அதற்குச் செவிஸ் பதிவுக்கான ஐ-901 கட்டணத்தை மீண்டும் செலுத்த வேண்டும், பழைய விசா செல்லாது என்ற நிலை இருந்தால் தூதரகத்தில் மறுபடி நிற்க வேண்டும், சி.பி.டி., ஓ.பி.டி.க்கு வேண்டிய ஓராண்டுக் கணக்கும் முதலிலிருந்து தொடங்கும். இரண்டில் எது என்பதைக் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும், டி.எஸ்.ஓ. எத்தனை நல்லவராக இருந்தாலும் அவர் மாணவரின் வழக்கறிஞர் அல்லர்.

ஸ்டேட்டஸ் இழந்த மாணவர்கள் பீதியில் குழப்பிக்கொள்ளும் ஒன்றையும் தெளிவுபடுத்த வேண்டும். ஸ்டேட்டஸ் போவதும், சட்டவிரோதமாகத் தங்கிய நாட்கள் எண்ணப்படுவதும் வெவ்வேறு. 180 நாட்களுக்கு மேல் அவ்வாறு தங்கி வெளியேறினால் மூன்று ஆண்டுகளும், ஓராண்டு அல்லது அதற்கு மேல் தங்கினால் பத்து ஆண்டுகளும் மீண்டும் நுழையத் தடை. 'டி/எஸ்' என்று அனுமதிக்கப்பட்ட மாணவருக்கு, குடிவரவுத் துறை ஒரு விண்ணப்பத்தைப் பரிசீலிக்கையில் மீறலை முறையாகக் கண்டறிந்த மறுநாள், அல்லது குடிவரவு நீதிபதியின் ஆணைக்கு மறுநாள்தான் அந்த எண்ணிக்கை தொடங்கும். மீறல் நடந்த நாளிலிருந்தே எண்ணலாம் என்று 2018 ஆகஸ்டில் குடிவரவுத் துறை கொள்கையை மாற்றியது. கல்லூரிகள் தொடுத்த வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் அதை நாடு முழுவதற்கும் தடுத்துவிட்டது.

மீண்டும் அதே வலை

டிரை-வேலிக்குப் பிறகும் அதே மாதிரி தொடர்ந்தது. இம்முறை பள்ளியை நடத்தியதே அரசு. நியூ ஜெர்சியின் கிரான்ஃபோர்டில் வடக்கு நியூ ஜெர்சிப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் 2013இல் தொடங்கப்பட்ட நிறுவனம், விசா தரகர்களைப் பிடிக்கப் புலனாய்வாளர்களே உருவாக்கியது. 2016 ஏப்ரலில் 21 பேர் கைதானார்கள். பதிவாகியிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள், பெரும்பாலும் சீனர்களும் இந்தியர்களும், ஸ்டேட்டஸ் இழந்தார்கள். மிச்சிகனின் ஃபார்மிங்டன் ஹில்ஸில் அதே உத்தியில் நடத்தப்பட்ட ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் 2019 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்தது. சுமார் 600 மாணவர்கள், வகுப்பு ஒன்றுகூட இல்லை, ஆசிரியர் ஒருவரும் இல்லை. எட்டுத் தரகர்கள் மீது குற்றச்சாட்டு, 130 மாணவர்கள் அளவில் உடனடியாகத் தடுப்புக் காவல். 2019 பிப்ரவரி 2 அன்று இந்திய வெளியுறவு அமைச்சகம் புது தில்லியில் உள்ள அமெரிக்கத் தூதரகத்திடம் எழுத்து மூலம் கவலை தெரிவித்தது.

இந்த வழக்குகள் மாணவர்களுக்குச் சாதகமான இரண்டு தீர்ப்புகளையும் தந்தன. நியூ ஜெர்சி மாணவர்கள் தொடுத்த வழக்கில், ஸ்டேட்டஸை முடித்துவைக்கும் ஆணை நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்தக்கூடிய இறுதி நடவடிக்கையே, மீட்பு விண்ணப்பம் செய்து தோற்ற பிறகுதான் வழக்குத் தொடுக்க வேண்டும் என்பதில்லை என்று மூன்றாம் வட்டாரத்துக்கான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019இல் கூறியது. ஃபார்மிங்டனில் கட்டணம் கட்டியவர்கள் அதைத் திருப்பிக் கேட்ட வழக்கு கீழ் நீதிமன்றத்தில் தள்ளுபடியானபோதும், 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு உயிர் கொடுத்தது. அரசே கல்வி நிறுவனம் என்று சொல்லிக்கொண்டு மாணவரிடம் பணம் வாங்கியதை என்னால் எந்த வகையிலும் ஆதரிக்க முடியாது. ஆனால் மாணவருக்கு அந்த நியாயம் கிடைக்கும் முன்பே ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. தீர்ப்பு வரும்போது அவர் வேறு நாட்டில் வேறு வாழ்க்கையில் இருப்பார்.

நல்ல பல்கலைக்கழகத்திலும்

போலிப் பள்ளியின் பக்கமே போகாத மாணவரும் ஸ்டேட்டஸ் இழக்கிறார். அங்கே வழி வேறு. கடினமான பாடம் ஒன்றை செமஸ்டர் நடுவில் கைவிடுகிறார், கிரெடிட் எண்ணிக்கை 12க்குக் கீழே அல்லது 9க்குக் கீழே இறங்குகிறது, பல்கலைக்கழகத்தின் பாடப்பதிவு இணையதளம் எந்தத் தடையும் சொல்லாமல் அதை ஏற்றுக்கொள்கிறது. அது மாணவர் பதிவேட்டுக்கான கணினி. குடிவரவு விதி அதற்குத் தெரியாது. பாடத்தைக் குறைக்க வேண்டிய உண்மையான காரணம் இருந்தால், கைவிடுவதற்கு முன்பே டி.எஸ்.ஓ.வின் அனுமதியைப் பெற வேண்டும். நோய் என்றால் மருத்துவர் அல்லது உரிமம் பெற்ற உளவியலாளரின் கடிதத்தோடு, ஒரு படிப்பு நிலையில் மொத்தம் 12 மாதங்கள் வரை கிடைக்கும். தேவைப்பட்டால் ஒரு பாடமும் எடுக்காமல் இருக்கவும் அது அனுமதிக்கும். ஆங்கிலத்தில் தொடக்கநிலைச் சிரமம், அந்நாட்டுக் கற்பித்தல் முறை பழகாமை, தவறான நிலைப் பாடத்தில் சேர்க்கப்பட்டது போன்ற காரணங்களுக்கு ஒரு படிப்பு நிலையில் ஒரு முறை மட்டும், அதிலும் குறைந்தது பாதிப் பாடச்சுமையோடு கிடைக்கும். கைவிட்ட பிறகு வந்து கேட்பவருக்கு, முன்பே கேட்டிருந்தால் ஒரே நாளில் கிடைத்திருக்கக்கூடிய அனுமதி, மாதக்கணக்கில் காத்திருக்கும் மீட்பு விண்ணப்பமாக மாறுகிறது.

படிப்பு முடிந்த பிறகு கிடைக்கும் அவகாசமும் இப்படித்தான் வேறுபடுகிறது. முறையாக முடித்தவருக்கு 60 நாட்கள், டி.எஸ்.ஓ.வின் அனுமதியோடு பாதியில் விலகியவருக்கு 15 நாட்கள். அனுமதியின்றி விட்டவருக்கு ஒரு நாளும் இல்லை. ஓ.பி.டி.யில் இருப்பவர் மொத்தம் 90 நாட்களுக்கு மேல் வேலையின்றி இருக்கக் கூடாது. அறிவியல், தொழில்நுட்பத் துறைகளுக்கான 24 மாத நீட்டிப்புப் பெற்றவருக்கு அது மொத்தம் 150 நாட்கள்.

2025இல் இன்னொரு வகை ஆபத்தும் தெரியவந்தது. அவ்வாண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் பதிவுகளை அரசு தானாகவே முடித்துவைத்தது; அவர்களில் பலர் பல ஆண்டுகளுக்கு முன் தள்ளுபடியான சிறு வழக்குகளின் காரணமாகக் காவல்துறைத் தரவில் பெயர் பதிந்திருந்தவர்கள். நாடெங்கும் நீதிமன்றங்கள் தடை விதிக்கவே, ஏப்ரல் 25 அன்று பதிவுகளை மீட்டுத் தருவதாக அரசு தெரிவித்தது. பல மாணவர்களுக்குப் பதிவு முடிந்ததே கல்லூரி சொல்லித்தான் தெரிந்தது. செவிஸை நேரடியாகப் பார்க்கும் வசதி மாணவருக்கு இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் 'டி/எஸ்' முறையையே நீக்கி, அதிகபட்சம் நான்கு ஆண்டுகள் என்று தேதியிட்டு அனுமதிக்கும் விதியை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை முன்மொழிந்தது.

எல்லாக் காகிதங்களையும் வைத்திருப்பது ஏன் அவசியம் என்பது இந்த இடத்தில் விளங்கும். ஸ்டேட்டஸ் பற்றிய கேள்வி பெரும்பாலும் படிக்கும் காலத்தில் எழுவதில்லை. பல ஆண்டுகள் கழித்து, எச்-1பி வேலை விசாவுக்கோ நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கோ விண்ணப்பிக்கும்போது எழுகிறது. அன்று பள்ளி இருக்காது, டி.எஸ்.ஓ. வேறு வேலைக்குப் போயிருப்பார். காலாவதியான ஒவ்வொரு ஐ-20யும், ஒவ்வொரு செமஸ்டரின் மதிப்பெண் பட்டியலும், சி.பி.டி.யோடு இணைந்த பாடத்தின் விவரத்தாளும், வேலைக் கடிதமும், சம்பளச் சீட்டுகளும், முகவரி மாற்றத்தைத் தெரிவித்த மின்னஞ்சலும், டி.எஸ்.ஓ. எழுத்தில் தந்த பதில்களும் மாணவரின் சொந்தக் கோப்பில் இருக்க வேண்டும். வாய்மொழியாகக் கிடைத்த அனுமதியை அன்றே ஒரு மின்னஞ்சலில் எழுதி, இப்படித்தானே சொன்னீர்கள் என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். செமஸ்டருக்கு ஒரு முறை டி.எஸ்.ஓ.விடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: என் செவிஸ் பதிவு செயலில் உள்ளதா, அதில் என் முகவரி என்ன, நான் பதிந்த பாடங்களில் எத்தனை கிரெடிட் நேரடி வகுப்பாகக் கணக்கில் இருக்கிறது. டிரை-வேலியில் முகவரிக் கேள்வியை மட்டும் கேட்டிருந்தாலும் பலருக்குச் சன்னிவேல் வீடு அன்றே தெரிந்திருக்கும். வேறு கல்லூரிக்கு மாறிக்கொள்ளும் கதவு அப்போது பலருக்கும் திறந்தே இருந்தது.